"நான் அழுதது பொய்யா ஐயா?"



சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. பள்ளியில் புறப்பாட நடவடிக்கைகள் முடிந்து மாணவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். நான் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து, ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது பழைய மாணவி ஒருத்தி வந்து நின்றாள். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்றவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் இருக்கிறாள். கையில் மாத இதழ் ஒன்றை மடித்து வைத்திருந்தாள்.

"ஐயா, இதைப் படிச்சீங்களா?"

குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. வாங்கிப் பார்த்தேன். ஒரு நூலைப் பற்றிய விமர்சனம் அது. இவ்வாண்டுத் தொடக்கத்தில் அவளுக்குப் படிக்கும்படி நானே கொடுத்திருந்த சிறுகதைத் தொகுப்பைத்தான் அதில் ஒருவர் திறனாய்வு செய்திருந்தார். நூலின் பெயரையோ, எழுதியவர் பெயரையோ, இதழின் பெயரையோ நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. இதில் குறை கூறப்பட வேண்டியவன் ஒருவன் உண்டென்றால், அவன் நான்தான். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அத்தொகுப்பில் ஒரு கதை. தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. லயத்து வீடுகளைக் காலி செய்யும்படி உத்தரவு வருகிறது. எல்லாரும் புறப்படுகிறார்கள். ஒரு பாட்டி மட்டும் கடைசி நாள் வரை அங்கேயே இருக்கிறார். கதை அவ்வளவுதான். ஆனால், என் மாணவியின் பாட்டியும் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். இப்போது ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகளோடும் பேத்தியோடும் வாழ்கிறார். இன்றும் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற நினைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை அந்தக் கதை எப்படித் தொட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். படித்த அன்றிரவு அழுதுவிட்டதாக அவள் முன்பே என்னிடம் கூறியிருந்தாள். தமிழில் ஒரு கதையைப் படித்து அவள் அழுதது அதுவே முதன்முறை.

திறனாய்வாளரோ, அந்தக் கதையைத்தான் தொகுப்பிலேயே மிகப் பலவீனமானது என்று எழுதியிருந்தார். கதையின் முடிவு வாசகரை வலிந்து அழவைக்கிறது என்பது அவர் கூறிய முதல் குறை. பாட்டி பேச வேண்டிய இடத்தில் எழுத்தாளரே மேடையேறிப் பேசுகிறார் என்பது இரண்டாவது. தோட்டத்துச் சோகம் நூறு முறை எழுதப்பட்டு நைந்துபோன பொருள் என்பது மூன்றாவது.

நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்தவள் கேட்டாள்:

"அப்படின்னா நான் அழுதது பொய்யா ஐயா?"

என் முன்னே இன்னும் பதினேழு ஏடுகள் திருத்தப்படாமல் இருந்தன. வெயில் வேறு. நான் சொன்னேன்: "இதை எழுதினவரு நிறையப் படிச்ச பெரியவரும்மா. அவரு சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நீ பெரிய பிள்ளையானதும் உனக்கே புரியும்."

"சரிங்க ஐயா," என்றாள். இதழை மறுபடியும் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஏடுகளைத் திருத்தத் தொடங்கினேன். ஒரு நல்ல அறிவுரை கூறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

தாயார் அனுப்பிய செய்தி

மூன்று நாள்கள் கழித்து அவளுடைய தாயார் புலனம்வழி ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அவர் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர். மகளின் தமிழ்க் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டவர். செய்தியின் சாரம் இதுதான்: "ஐயா, நீங்க கொடுத்த புத்தகத்தை மகள் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். பாதிதான் படிச்சிருக்காள். இனிமே இங்கிலீஷ் கதையே படிச்சுக்கிறேன்னு சொல்றாள். அந்த ஆள் எழுதுனா எழுதிட்டுப் போறான், நீ எதுக்கு மனசைக் கெடுத்துக்கிறேன்னு சொல்லிப் பார்த்தேன். கேட்கலை."

அன்பர்களே, இந்த நாட்டில் ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழோடு அதற்கு எஞ்சும் உறவு எவ்வளவு மெல்லியது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாட வேளை முடிந்தபின் வாரத்தில் ஓரிரு நாள் தமிழ் வகுப்பு. அதுவும் ஆசிரியர் கிடைத்தால். மற்றபடி பள்ளியில் கேட்பதும் எழுதுவதும் மலாயும் ஆங்கிலமுமே. அந்த வயதில் ஒரு பிள்ளை தானாக விரும்பித் தமிழ்க் கதை படிக்கிறது என்றால் அது அரிய செய்தி. அந்த நூலைத்தான் நான் ஒரு வாக்கியத்தில் அறுத்துவிட்டிருந்தேன்.

தாயார் கூறியதையும் நான் கூறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர், "அந்த ஆள் கிடக்கிறான்" என்றார். நான், "அந்தப் பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்றேன். ஒன்று ஆறுதல்; மற்றொன்று அடக்கம். இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. அவள் கேட்ட கேள்விக்கு இருவருமே விடை தரவில்லை. கதையை எடு, அந்த இடத்தைக் காட்டு என்று இருவருமே கேட்கவில்லை.

1985ஆம் ஆண்டில் ஒரு கடிதம்

அன்றிரவு எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது.

பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட 1985ஆம் ஆண்டில் எனக்கு வயது 15. டத்தோ கிராமாட் சாலைக்கு அருகில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட் தெருவுக்குப் போய், வீட்டுக்குத் தேவையான சாமான்களோடு நாளிதழின் ஞாயிறு பதிப்பையும் வாங்கி வருவார். நான் கதைப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வேன். அக்காலத்தில் நான் உயிராக நேசித்த ஒரு கதையை, ஓர் இதழில் ஒருவர் மிகக் கடுமையாக எழுதிவிட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. பள்ளி ஏட்டிலிருந்து தாள்களைக் கிழித்து நான்கு பக்கத்துக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதினேன். அஞ்சல்தலை வாங்க இருபது காசு கேட்டு அப்பாவிடம் போய் நின்றேன்.

அப்பா கடிதத்தைப் படித்தார். திட்டவில்லை. "எழுதத் தெரிஞ்சவங்க எழுதுறாங்கப்பா. பெரியவங்களை எதிர்த்து நாம என்ன எழுதறது? நீ பாடத்தைப் படி," என்றார். அவர் ஆறாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். எழுத்தச்சில் வந்த எதன்மீதும் அவருக்கு ஒரு பயபக்தி உண்டு. அந்தக் கடிதத்தை நில வரைபட நூலுக்குள் வைத்தேன். பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்தக் கடிதம் போயிருந்தால் நான் பெரிய எழுத்தாளனாகியிருப்பேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அதில் கோபத்தைத் தவிர வேறு ஏதேனும் இருந்ததா என்பதே ஐயம். நான் இழந்தது வேறு. ஒரு கதை ஏன் எனக்குப் பிடித்தது என்று என்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் இழந்தேன். பிடித்தால் படிப்பது, பிறர் குறை சொன்னால் வாயை மூடிக்கொள்வது. அப்படியே வளர்ந்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், ஆசிரியருமாகிவிட்டேன்.

அப்பாவின் அதே வாக்கியத்தைத்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையிடம் நான் கூறியிருக்கிறேன்! அப்பாவுக்காவது படிப்பு இல்லை என்ற காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்?

ரசமட்டம்

அடுத்த சனிக்கிழமை அவளை வரச் சொன்னேன். வந்தாள்; ஆனால் விருப்பத்தோடு வரவில்லை. "போன வாரம் நான் சொன்னது தப்பும்மா," என்றுதான் தொடங்கினேன். ஆசிரியர் தாம் கூறியது தவறு என்று ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் அதிகம் கேட்டதில்லை போலும். நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் அவளுக்குப் புதுமைப்பித்தனைப் பற்றிச் சொன்னேன். 1906ஆம் ஆண்டு பிறந்து 1948இல் மறைந்த அம்மேதை, 'ரசமட்டம்' என்ற புனைபெயரிலும் எழுதியவர். அப்பெயரில் எழுதியபோது, கல்கி போன்ற பெரும் புகழ்பெற்ற எழுத்தாளரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "ரசமட்டம்னா என்ன தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. கட்டட வேலை செய்கிறவர்கள் சுவரின்மேல் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே ஒரு நீர்க்குமிழி நகர்ந்துகொண்டிருக்குமே, அந்தக் கருவி என்றதும் புரிந்துகொண்டாள். சுவரை இடிப்பதற்கு யாரும் ரசமட்டம் கொண்டுவருவதில்லை. கோணல் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே திறனாய்வைப் படிக்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி, "இவர் ஏன் திட்டுகிறார்?" என்பதன்று, "எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்?" என்பதே.

பிறகு நூலையும் இதழையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

1. கதையில் நடந்ததைத் திறனாய்வாளர் சரியாக எடுத்துக் கூறியிருக்கிறாரா?
2. அவர் கூறும் ஒவ்வொரு குறைக்கும் கதையில் எந்த வரியைச் சான்றாகக் காட்டுகிறார்?
3. நீ அழுதது எந்த வரியில்? அந்த இடத்தில் விரலை வை.
4. அவர் பார்க்காமல் விட்ட இடம் ஏதேனும் உண்டா?

மூன்றாம் கேள்வியில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. அவள் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, கதையின் நடுவில் ஒரு பத்தியில் விரலை வைத்தாள். பாட்டி தம் கோழிகளையெல்லாம் காலைக் கட்டி அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிடுகிறார். பொழுது சாய்ந்ததும், வழக்கம்போலக் கூண்டருகே போய்க் குனிந்து கோழிகளை எண்ணப் பார்க்கிறார். கூண்டு காலியாக இருக்கிறது. எழுத்தாளர் அதற்குமேல் அங்கே ஒன்றும் கூறவில்லை.

"இங்கதான் ஐயா. எங்க பாட்டி காலையில நாலு மணிக்கு எழுந்திரிக்கிற மாதிரியே இருந்துச்சு."

"அப்படின்னா கடைசிப் பக்கம்?"

சற்றுத் தயங்கினாள். "பாட்டி லாரியில ஏறும்போது நீளமாப் பேசுவாங்கள்ல... அதை நான் சரியாப் படிக்கலை ஐயா. தாண்டிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். திறனாய்வாளர் குறை கண்ட அதே பேச்சை அவளும் தாண்டிப் போயிருக்கிறாள்! அவர் சொற்களால் சொன்னதை அவள் பக்கத்தைப் புரட்டிச் சொல்லியிருக்கிறாள். அவர் கூறியதும் உண்மை. இவள் அழுததும் உண்மை. இரண்டும் வேறு வேறு பக்கங்களில் நடந்தவை. கதையை மேசைமேல் வைத்துப் பார்க்காதவரைக்கும் இதை அவளும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

நான்காம் கேள்விக்கு விடை எழுத அவளுக்கு நேரமாகவில்லை. திறனாய்வாளர் அந்தக் கோழிக்கூண்டைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவளே கண்டுபிடித்தாள். தோட்டத்துக் கதை நூறு முறை எழுதப்பட்டுவிட்டது என்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நூறு கதை வந்திருக்கலாம் ஐயா. எனக்கு இதுதானே முதல் கதை?"

நான் வாயடைத்துப் போனேன். 1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடல், அதன்பின் வீடமைப்புக்காகவும் தொழிற்பேட்டைகளுக்காகவும் தோட்டங்கள் அழிந்தது ஆகியவற்றையெல்லாம் எங்கள் தலைமுறை பார்த்தும் படித்தும் சலித்துவிட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது பாட்டியின் வாயால் அரைகுறையாகக் கேட்ட செய்தி. பழைய பொருளாயிற்றே என்று திறனாய்வாளர் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு வாசகர் கூட்டம் வந்துகொண்டிருக்கிறது என்பதையும் அவர் நினைவிற்கொள்ள வேண்டுமல்லவா?

வகுப்பு நடத்திய இதழ்கள்

"இதையெல்லாம் எழுதி அந்த இதழுக்கு அனுப்பு," என்றேன். "நான் எழுதுனா போடுவாங்களா ஐயா? நான் சின்னப் பிள்ளைதானே," என்றாள். 1985இல் நான் கேட்க மறந்த கேள்வி அது. அதற்கு விடையாகத்தான் சில பழைய செய்திகளை அவளுக்குக் கூறினேன். ஆசிரிய நண்பர்களுக்கும் அவை பயன்படக்கூடும்.

நம் நாட்டில் 1924ஆம் ஆண்டு தொடங்கி 2019 வரை வெளிவந்த நாளிதழ் 'தமிழ் நேசன்'. அதில் 1950, 1951ஆம் ஆண்டுகளில் 'கதை வகுப்பு' என்றொரு பகுதி நடந்தது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். அவர்கள் அதற்கெனச் சூடிக்கொண்ட புனைபெயர்கள் 'கந்தசாமி வாத்தியார்', 'வானம்பாடியார்' என்பன. கதை எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துவார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பும் கதைகளை எடைபோடுவார்கள். குறைகளை நாளிதழிலேயே வெளிப்படையாக எடுத்துக்காட்டினார்கள். ஒரு நாளிதழ், நாடெங்கும் சிதறிக் கிடந்த இளைஞர்களுக்கு வகுப்பறையாக மாறியது. அடுத்து வந்த காலத்தில் 'தமிழ் முரசு' நாளிதழில் சுப. நாராயணன் 'ரசனை வகுப்பு' நடத்தினார். அந்தப் பெயரைக் கவனியுங்கள். எழுதுவதற்கு மட்டுமன்று, சுவைப்பதற்கும் வகுப்பு வேண்டும் என்று அன்றைக்கே எண்ணியிருக்கிறார்கள்! தமிழகத்திலிருந்து வந்து 1950களில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இங்குள்ள இளம் எழுத்தாளர்களை விவாதத்தின்வழி வளர்த்தவர்.

நம் பினாங்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த முனைவர் ரெ. கார்த்திகேசு, 2016இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தவர். 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' போன்ற நாவல்களை எழுதிய அவரே, பிறர் படைப்புகளைத் திறனாய்வு செய்து 'விமர்சன முகம்' என்ற நூலையும் தந்தார். இவ்வளவு அருகில் வாழ்ந்தவரின் கட்டுரைகளை நான் மிகத் தாமதமாகவே படித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக, அவள் வயதுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொன்னேன். சி.சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சனவரியில் 'எழுத்து' என்ற இதழைச் சென்னையில் தொடங்கினார். திறனாய்வுக்கு முதலிடம் தந்த இதழ் அது. விற்பனை சொற்பம். நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்று நட்டத்தைத் தாங்கிக்கொண்டவர் செல்லப்பா. அந்த இதழ் கடல் கடந்து இலங்கையின் திருகோணமலையில் ஓர் இளைஞரின் கைக்குக் கிடைத்தது. 1939இல் பிறந்த அவர் பெயர் சிவராமலிங்கம். தருமு சிவராமு என்றும் பிரமிள் என்றும் பின்னாளில் புகழ்பெற்றவர். 1960இல், இருபது வயதையொட்டிய பருவத்தில், அவருடைய எழுத்து அவ்விதழில் இடம்பெறத் தொடங்கியது. கவிதை மட்டுமன்று, திறனாய்வும் எழுதினார். மூத்தவர்களோடு சரிக்குச் சரியாக வாதிட்டார். இவ்வளவு சின்ன வயதுப் பையன், அதுவும் வேறு நாட்டுக்காரன் என்று செல்லப்பா ஒதுக்கியிருந்தால் தமிழ்ப் புதுக்கவிதைக்குத்தான் இழப்பு.

"ஆனா அவரு ரொம்ப அறிவாளி ஐயா," என்றாள் என் மாணவி.

"ஆமாம். உன்கிட்ட அவ்வளவு கேட்கலைம்மா. அந்தக் கோழிக்கூண்டைப் பத்தி மட்டும் எழுது. போதும்."

சிவப்பு மையின் குற்றம்

ஆசிரிய நண்பர்களே, அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, சென்ற வாரம் நான் திருத்தி முடித்த ஏடுகளை எடுத்துப் பார்த்தேன். "நன்று." "மிக நன்று." "இன்னும் முயல்க." எழுத்துப்பிழைகளுக்கு வட்டம். கீழே புள்ளி. 27 ஆண்டுகளாக நான் எழுதிவந்த திறனாய்வு இவ்வளவே. எது நன்று, எந்த வரி நன்று, எதை முயல்வது என்று ஒரு பிள்ளைக்கும் நான் எழுதிக் காட்டியதில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரைக்கும் அதன்மீது பழிபோட்டேன். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. என் சிவப்பு மை மட்டும் மாறவில்லை.

காரணம் கூறாமல் பாராட்டியே வளர்க்கப்படும் பிள்ளை, முதல்முறை காரணத்தோடு வரும் குறையைக் கண்டதும் நிலைகுலைந்துபோகிறது. தான் நேசித்த கதையைக் குறை சொன்னால், தன்னையே குறை சொன்னதாக எண்ணுகிறது. இது பிள்ளையின் குற்றமன்று. நாம் பழக்காத குற்றம். திறனாய்வாளர் கடுமையாக எழுதியதால் என் மாணவி தமிழ் நூலை மூடிவிடவில்லை. அந்தக் கடுமையோடு அவளைத் தனியே விட்டுவிட்டேனே, அதனால்தான் மூடினாள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எனக்குப் பிடிச்சதை இவங்க எப்படித் தப்புன்னு சொல்லலாம்?" என்று உங்கள் பிள்ளை கோபத்தோடு வந்து நின்றால் மகிழ்ச்சியடையுங்கள். படித்ததில் பற்று வைத்த பிள்ளைக்குத்தான் அந்தக் கோபம் வரும். ஆறுதல் சொல்லி அதை அணைத்துவிடாதீர்கள். பெரியவர்களை எதிர்க்காதே என்று அடக்கியும்விடாதீர்கள். "எந்த இடம்? காட்டு பார்க்கலாம்," என்று கேளுங்கள். உங்களுக்கு இலக்கியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை காட்டும் வரியைப் படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் இருந்தால் போதும்.

வகுப்பில் இப்போது நான் ஒன்று செய்து வருகிறேன். வாரம் ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படிக்கிறார்கள். படித்தவர், தமக்குப் பிடித்த ஒரு வரியின்கீழ்க் கோடிட்டு ஏன் என்று எழுத வேண்டும். புரியாத ஒரு வரியின்கீழ்க் கோடிட்டு எது புரியவில்லை என்று எழுத வேண்டும். எழுதியவர் அதற்கு ஒரே வரியில் மறுமொழி தர வேண்டும். முதல் வாரம் இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் சண்டைக்கே போனான். மூன்றாம் வாரத்தில் அதே பையன், "ஐயா, அவன் சொன்னது சரி, ஆனா இன்னொரு வரியை அவன் பார்க்கலை," என்றான். எனக்கு அது போதும்.

என் மாணவியின் கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. முடிவைப் பற்றித் திறனாய்வாளர் கூறியதைத் தானும் ஏற்பதாக முதலிலேயே எழுதியிருந்தாள். நான் அப்படிச் சொல்லித் தரவில்லை. பிறகு கோழிக்கூண்டு. பிறகு தன் பாட்டி. இலக்கணப் பிழைகள் நான்கு இருந்தன. அவற்றை மட்டும் திருத்தச் சொன்னேன். கைப்பேசியில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினாள். இதழில் இன்னும் வெளிவரவில்லை. வராமலும் போகலாம். சென்ற வாரம் அதைப் பற்றி அவளிடம் கேட்டேன். "வந்தா வரட்டும் ஐயா," என்றாள்.

திருப்பிக் கொடுக்க வந்த அந்தத் தொகுப்பு மறுபடியும் அவளிடம்தான் இருக்கிறது. இன்னும் ஐந்து கதைகள் மிச்சமாம். அந்த ஒரு கதையை மட்டும் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாளாம். கோழிகளை எண்ணும் இடம் வந்ததும் பாட்டி அழவில்லை. "ஏழு கோழியா? எங்க வீட்டுல பதினொண்ணு இருந்துச்சு," என்று மட்டும் கூறினாராம்.